பாறசாலைக் கடைத்தெருவும் பாக்கெட்டின் பின்புறமும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் பாசஞ்சர் வண்டியில் ஏறுவோர் இரணியல், பள்ளியாடி, குழித்துறை முதலிய நிலையங்களைக் கடந்து பாறசாலையை அடைகின்றனர். அவ்விடத்தே தாம் ஒரு மாநிலத்தை நீங்கி மற்றொரு மாநிலத்தினுள் புகுந்துவிட்டதைப் பலர் உணர்வதே இல்லை. அதே தென்னை, அதே வாழை, அதே ரப்பர்த் தோட்டம், அதே செம்மண். கடைகளின் பெயர்ப்பலகைகளில் மலையாள எழுத்து மிகுவதே எல்லை கடந்ததற்கு அடையாளம். 1979ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இவ்விருப்புப்பாதை இரு மாநிலங்களிலும் ஓடினாலும், கன்னியாகுமரி முதல் திருவனந்தபுரம் வரை ஒரே கோட்டத்தின் நிருவாகத்தில் அமைந்திருக்கிறது.

இந்நிலம் முழுவதும் ஒருகாலத்தில் திருவிதாங்கூர்ச் சமஸ்தானமாக இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபொழுது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அடுத்திருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகாவோ கேரளத்தில் நின்றது. அன்று கோடு பிரித்தது நிலத்தைத்தான், உறவை அன்று. களியக்காவிளையில் பெண்ணெடுத்த வீடுகள் பாறசாலையில் உள்ளன; நெய்யாற்றின்கரையில் கடை வைத்திருப்போரின் தாய்வீடு மார்த்தாண்டத்தில் உள்ளது. தமிழில் தொடங்கிய வாக்கியம் மலையாளத்தில் முடிவதை இங்குள்ள சந்தைகளில் எவரும் கேட்கலாம்.

இத்தகைய ஊர்களில் உணவுப் பொருள் வாங்க வருவோர் பாக்கெட்டின்மேல் எதைப் படிக்கின்றனர், எதைப் படியாது விடுகின்றனர் என்று அறியும் ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு. அதற்கு என் தொழிலே காரணம். இருப்புப்பாதையில் எழுத்தராக இருப்பவனுக்கு லேபிள் என்பது விளையாட்டுப் பொருள் அன்று. அனுப்பும் நிலையம், சேரும் நிலையம், எடை, உருப்படி எண்ணிக்கை ஆகியவற்றுள் ஒன்று பிழைபட்டாலும் பார்சல் ஊர்மாறிப் போய்விடும். கடையில் வாங்கும் மிக்சர்ப் பாக்கெட்டும் ஒருவகைப் பார்சலே. அதன் சேரும் நிலையம் நம் குழந்தைகளின் வயிறு. ஆகவே, விடுமுறை நாட்கள் சிலவற்றில் பாறசாலைக் கடைத்தெருவிலும் நெய்யாற்றின்கரைச் சந்தைப் பக்கத்திலும் பலசரக்குக் கடைகளின் ஓரம் நின்று, வருவோரைக் கவனித்து வந்தேன்.

கண்டதைக் கூறுகிறேன். பாக்கெட்டைக் கையில் எடுத்தவர் முதலில் தேடுவது விலை. அடுத்துத் தேடுவது நாள். எந்த மாதத்திற்குள் உண்ண வேண்டும் என்பதை முதியோர் கையை நீட்டிப் பிடித்துக் கண்களைச் சுருக்கிப் பார்க்கின்றனர். அச்சு மங்கியிருந்தால் கடைக்காரரிடம் நீட்டி, “அண்ணா, இதொன்று பார்த்துச் சொல்லு” என்கின்றனர். மரக்கறி உண்ணும் வீட்டார் பச்சைப் புள்ளி உள்ளதா என்று நோக்குகின்றனர். வேறு சிலருக்குப் பாக்கெட்டின் நிறமே போதும். தொலைவிலிருந்தே விரல் நீட்டிக் கேட்டு வாங்குகின்றனர். ஆனால் பின்புறத்தில் கட்டம் கட்டி அச்சிட்ட ஊட்டச்சத்து விவரத்தைப் படித்தவர்களை எண்ண எனக்கு ஒரு கை விரல்களே மிகுதியாயின.

இஃது எல்லையூர்களின் குறை மட்டும் அன்று. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார், தில்லியிலும் ஐதராபாத்திலும் பெருங்கடைகளுக்கு வருவோரிடம் விசாரித்து 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். லேபிள் படிப்போரிலும் பெரும்பாலோர் நாளை மட்டுமே பார்க்கின்றனர் என்றும், ஊட்டச்சத்து விவரத்தையும் சேர்பொருள்களையும் பார்ப்போர் மூன்றில் ஒரு பங்கினரே என்றும், அவ்விவரம் விளங்குவது கடினமாயிருப்பதே காரணம் என்றும் அதில் கண்டனர். தலைநகரத்துக் கல்விமான்களுக்கே கடினமானது, ரப்பர் பால் வெட்டிவிட்டுக் கடைக்கு வரும் தொழிலாளிக்கு எளிதாகுமா?

பாறசாலைக் கடையொன்றில் ஒருநாள் நான் கேட்ட உரையாடலை ஈண்டு எழுதுவது பயன் தரும். ஒரு மூதாட்டியும் அவருடைய பேத்தியும் வந்திருந்தனர். 200 கிராம் மிக்சர்ப் பாக்கெட் ஒன்றை எடுத்த சிறுமி, பள்ளியில் கற்ற ஆர்வத்தால் பின்புறத்தைப் படிக்கலானாள்.

“அம்மாச்சி, இதில நூறு கிராமுக்குச் சோடியம் எண்ணூறு மில்லிகிராம்னு போட்டிருக்கு.”

“சோடியம் நமக்கெதுக்கு, பிள்ளே? உப்பு எவ்வளவுன்னு பாரு. டாக்டர் உப்பைத்தானே குறைக்கச் சொன்னாரு.”

“உப்புன்னு அளவு ஒண்ணும் போடல்லியே.”

“அப்ப உப்பு கம்மியாத்தான் இருக்கும். எடுத்துக்கோ.”

அருகில் நின்ற நான் வாளாவிருக்க இயலாமல், “சோடியம் என்று போட்டிருப்பதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும், அம்மா” என்று சிறுமியிடம் கூறினேன். அவள் விரல்விட்டுக் கணக்கிட்டாள். எண்ணூறை இரண்டரையால் பெருக்கினால் இரண்டாயிரம் மில்லிகிராம், அதாவது 2 கிராம். 200 கிராம் பாக்கெட்டில் 4 கிராம் உப்பு. ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்கு மேல் உப்பு ஆகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இதைக் கேட்ட மூதாட்டி சிறிது நேரம் பாக்கெட்டையே பார்த்திருந்தார். பிறகு, “தம்பி, இது வேண்டாம், அந்தச் சின்ன பாக்கெட்டு ஒண்ணு தா. எல்லாருமாப் பங்கிட்டுக்கிடுவோம்” என்று கடைக்காரரிடம் சொன்னார்.

அந்த மூதாட்டிக்கு எழுத்தறிவு குறைவாயிருக்கலாம். அறிவு குறைவு அன்று. தமக்கு வேண்டிய செய்தி உப்பு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். பாக்கெட்டோ அதைச் சமையலறை அறியாத வேறொரு பெயரால் சொல்லிற்று. இடர்ப்பாடு முழுவதும் இவ்விடத்தில்தான் இருக்கிறது.

சட்டம் கூறுவதைப் பார்ப்போம். உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் அமைந்த ஆணையம் வகுத்துள்ள லேபிள் விதிகளின்படி, உறையில் இருக்கவேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ அச்சிடப்பட வேண்டும். பிற மொழிகளையும் உடன் சேர்க்கத் தடையில்லை. ஆனால் கட்டாயமும் இல்லை. இதன் விளைவை எல்லைக் கடைகளில் கண்கூடாகக் காணலாம். பொருளின் பெயரும் புகழுரையும் பாக்கெட்டின் முகப்பில் மலையாளத்திலோ தமிழிலோ பெரிய எழுத்தில் விளங்குகின்றன. உப்பும் சீனியும் கொழுப்பும் எவ்வளவு என்னும் செய்தி பின்புறத்தில், பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கின்றது. வாங்கச் சொல்லும்போது நம் மொழி; எச்சரிக்கும்போது அயல்மொழி!

இதில் வருந்தத்தக்க வேடிக்கை ஒன்று உண்டு. உப்பு என்பது தமிழிலும் உப்பு; மலையாளத்திலும் உப்பு. கொழுப்பு என்பதும் இரு மொழிக்கும் பொது. சர்க்கரை ஒன்றே பெயர் மாறுகிறது: தென்தமிழர் சீனி என்பதைப் பாறசாலைக்கு வடக்கே பஞ்சசார என்பர். மாநில எல்லையால் பிரிக்க முடியாத இச்சொற்களைப் பாக்கெட்டின் பின்புறம் இருசாராருக்கும் ஒருங்கே அந்நியமாக்கிவிட்டது.

நிற்க. விதி மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. அக்கட்டம் தோன்றுமளவு கடினமானது அன்று. பார்சல் சீட்டில் எழுத்தன் பார்க்கவேண்டிய இடங்கள் சில இருப்பதுபோல இதிலும் உள்ளன.

முதலாவது, விவரம் எந்த அளவுக்குத் தரப்பட்டது என்று நோக்க வேண்டும். 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிக்கு எனத் தருவதோடு, ஒரு வேளைப் பங்கிற்கு என்றும் தருவர். அப்பங்கு 20 கிராம், 30 கிராம் எனச் சிறிதாயிருந்தால் எண்களும் சிறிதாகத் தோன்றும். முழுப் பாக்கெட்டையும் ஒருவரே உண்பதாயின் கணக்கு முழுப் பாக்கெட்டிற்கே ஆக வேண்டும்.

இரண்டாவது, மூன்று வரிகளை மட்டும் தேட வேண்டும்: சோடியம், சேர்த்த சர்க்கரை, நிறைகொழுப்பு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 கலோரி என்று கொண்டு, சோடியம் 2,000 மில்லிகிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், நிறைகொழுப்பு 22 கிராம் என்ற அளவுகளை 2020ஆம் ஆண்டு விதிகள் வைத்துள்ளன. இவை எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்குகள் அல்ல. தாண்டக் கூடாத வேலிகள். ஓர் எடுத்துக்காட்டு: 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை சேர்த்த பானத்தை 600 மில்லிப் புட்டியில் வாங்கினால் 66 கிராம் சர்க்கரை உட்செல்லும். ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 5 கிராம் என்றால் பதின்மூன்று கரண்டிச் சீனி! தேநீரில் மூன்றாம் கரண்டி போட்டாலே முகம் சுளிக்கும் நம் தாய்மார், விருந்தினர் வந்தால் இப்புட்டியை அன்போடு வாங்கி வைக்கின்றனர்.

மூன்றாவது, சேர்பொருள் வரிசை. எடையில் மிகுந்தது முதலிலும் குறைந்தது கடைசியிலும் வரவேண்டும் என்பது விதி. முதல் மூன்று இடங்களில் சர்க்கரை இருந்தால் அது இனிப்புப் பண்டமே. முகப்பில் கோதுமைக் கதிரின் படம் இருப்பினும் சரியே. மேலும், சுக்ரோஸ், லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் என்பனவும் சர்க்கரையின் உறவினரே. பெயர் மாற்றி வந்து வரிசையில் தனித்தனியே நிற்பர்.

இவ்வட்டாரத்தின் உயிர்ப்பொருளான தேங்காய் எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். “கொலஸ்டிரால் இல்லை” என்று சில புட்டிகளில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மகிழ்வோர் பலர். தாவர எண்ணெய் எதிலுமே கருதத்தக்க அளவு கொலஸ்டிரால் கிடையாது. ஆகவே அது தனிச்சிறப்பு ஆகாது. கட்டத்தில் நிறைகொழுப்பு வரியைப் பார்த்தால், 100 கிராமில் 90 கிராம் அளவில் இருப்பது தெரியும். மேற்சொன்ன 22 கிராம் வேலியை இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயே ஏறக்குறைய எட்டிவிடும். தேங்காய் எண்ணெயை விலக்குக என்று நான் கூறவில்லை. இரு மாநிலத்து அவியலும் என்னை மன்னிக்காது. அளந்து ஊற்றுக என்பதே என் வேண்டுகோள்.

அதே எண்ணெயில் முகப்பைப் படிப்பதும் முக்கியம் என்பதற்கு அண்மைக்கால வரலாறு உண்டு. கலப்படத்தின் காரணமாகக் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 2018ஆம் ஆண்டில் ஒருமுறை 45 பெயர்களிலும், பின்னர் டிசம்பரில் 74 பெயர்களிலும் விற்கப்பட்ட தேங்காய் எண்ணெய்களைத் தடை செய்தது. தடைபட்டவற்றுள் பல, அரசுசார் கூட்டுறவு அமைப்பான கேராஃபெட்டின் ‘கேரா’ என்னும் பெயரைத் தலையில் சூடி, வாலில் மட்டும் வேறு சொல்லை ஒட்டியிருந்தன. நிறத்தைக் கண்டு விரல் நீட்டி வாங்குவோரை நம்பி நடந்த வாணிகம் அது. இன்று ஒவ்வோர் உறையிலும் உரிமம் அல்லது பதிவின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இவை இல்லாத பாக்கெட், சேரும் நிலையம் மட்டும் எழுதி அனுப்பும் நிலையம் எழுதாத பார்சல் போன்றது. எந்த எழுத்தனும் அதை ஏற்கமாட்டான்.

பாலின் கதையும் எல்லைக்கு உரியதே. கேரளத்தின் பால்வளத் துறை மீனாட்சிபுரம், ஆரியங்காவு, பாறசாலை ஆகிய எல்லை வாயில்களில் பாலைச் சோதிக்கும் நிலையங்களை வைத்திருக்கிறது. ஓணக்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வரும் பால் மிகுதியாதலால் சோதனையும் மிகும். ஆயினும் அந்நிலையம் பார்ப்பது பாலின் தூய்மையை. நம் வீட்டிற்கு எந்தப் பால் ஏற்றது என்பதை நாமே பார்க்க வேண்டும். டோன்டு பால் எனில் 3 விழுக்காடு கொழுப்பு, தரப்படுத்திய பால் எனில் 4.5, முழுக்கொழுப்புப் பால் எனில் 6 என்பது விதி. மெலிந்த குழந்தைக்கும் இதயநோயுற்ற பெரியவருக்கும் ஒரே உறைப் பாலை வாங்குவது, எல்லாப் பயணிகளுக்கும் ஒரே ஊருக்குப் பயணச்சீட்டு வழங்குவதை ஒக்கும்.

இவ்வளவு சொன்ன பின்னும், கட்டமே இல்லாத பண்டங்கள் எல்லைச் சந்தைகளில் ஏராளம் என்பதை மறைத்தலாகாது. கண்முன் வறுத்து அளந்து தரும் ஏத்தங்காய்ச் சிப்ஸ், கண்ணாடிச் சாடியிலிருந்து எடுத்துத் தரும் முறுக்கு ஆகியவற்றில் எதைப் படிப்பது? பாக்கெட்டிலும், மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத சிற்றுறைகளுக்கு ஊட்டச்சத்துக் கட்டத்திலிருந்து விலக்கு உண்டு. இத்தகையவற்றிற்கு அளவே மருந்து. எத்தனை நாளைக்கொருமுறை, எத்தனை பேருக்கு என்று வீட்டில் ஒரு வரம்பு வைத்துக்கொள்வது தவிர வேறு வழியில்லை.

இதற்கு ஏன் இத்தனை கவலை என வினவலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், கேரளத்தில் வளர்ந்தோருள் 25.5 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர் எனக் கண்டனர். நாட்டின் சராசரி 11.4 விழுக்காடு. நால்வர் அமரும் இருக்கையில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை வண்டியில் வரும் எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கணக்கே நினைவுக்கு வருகிறது. குடிபெயர்ந்து வாழும் நம்மவர்க்கு இவ்விடர் இன்னும் அணிமையது. பொழுது புலருமுன் வேலைக்குச் செல்வோர் இல்லத்தில் சமைக்க நேரம் குறைவு. பாக்கெட் உணவு கைக்கு எளிது. ஊரில் வியர்வை சிந்தி உழைத்த பாட்டனார் உண்ட உப்பின் அளவை, நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் பேரனின் உடல் தாங்காது.

எழுத்துத் தெரியாதவர்க்கும் விளங்கும்படி எச்சரிக்கை செய்ய முடியும் என்பதைப் பிற நாடுகள் காட்டியுள்ளன. சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரை, சோடியம், நிறைகொழுப்பு, கலோரி மிகுந்த உணவின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை இடப்படுகிறது. அண்டை நாடாம் இலங்கையில் அதே 2016இல் இனிப்புப் பானங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என நிற அடையாளம் வந்தது. சிக்னல் விளக்கைப் படிக்க எந்த மொழியும் வேண்டுவதில்லை என்பதை எங்களைவிட அறிந்தவர் யார்? சிங்கப்பூரிலோ 2022 டிசம்பர் இறுதி முதல் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரவரிசை உண்டு. சர்க்கரை மிகுந்த கடைசி இரு தரங்களும் அடையாளத்தைக் கட்டாயம் தாங்க வேண்டும். நம் நாட்டில் 2022இல் ஆணையம் நட்சத்திரக் குறி முறைக்கு வரைவு விதி வெளியிட்டது. நட்சத்திரம் புகழ்வதுபோல் தோன்றும், எச்சரிக்கை முத்திரையே வேண்டும் எனப் பலர் எதிர்த்தனர். முகப்பு லேபிள் பற்றிய வழக்கில், விதிகளை விரைந்து இறுதி செய்ய வேண்டும் என 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் காலக்கெடு விதித்தது.

என் எண்ணம் இது. முத்திரை எதுவாயினும் சரி. அதனருகே உப்பு, சீனி, கொழுப்பு என்னும் மூன்று சொற்கள் அந்தந்த ஊரின் எழுத்தில் இருத்தல் வேண்டும். மூன்று சொல்லுக்கு இடமில்லாத அளவு சிறியதன்று எந்த மிக்சர்ப் பாக்கெட்டும். பரிசுத் திட்டத்தை விளம்பரம் செய்ய அதில் இடம் இருக்கத்தானே செய்கிறது?

அதுவரை நம் இல்லங்களில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓர் அஞ்சலட்டை அளவுத் தாளில் நான்கு வரி எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவையுங்கள்: “சோடியம் பெருக்கல் இரண்டரை, அதுவே உப்பு; நாளொன்றுக்கு உப்பு 5 கிராம்; சேர்த்த சர்க்கரை 50 கிராமுக்குள்; நிறைகொழுப்பு 22 கிராமுக்குள்.” நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர்க்கு மருத்துவர் இதனினும் குறைத்துச் சொல்லியிருந்தால் அந்த எண்ணை எழுதுக. பிறகு கடைக்குச் செல்லும்பொழுது ஆங்கிலம் படிக்கத் தெரிந்த குழந்தையை உடன் அழைத்துச் செல்லுங்கள். பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கும் வேலையை அவர்களிடம் விடுங்கள். வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் வேலையைப் பாட்டியாரிடம் விடுங்கள். இருவரும் கூடினால், எந்த மொழியில் அச்சிட்ட பாக்கெட்டும் நம்மை ஏமாற்ற இயலாது.